சேப்பாக்கம் காணாத ஆண்டுகள்

காஞ்சி மாநகரை அடுத்த புள்ளலூர், அளவில் சிற்றூராயினும் பல்லவர் வரலாற்றில் தனக்கென ஓரிடம் பெற்றது. முதலாம் மகேந்திரவர்மன் தன் பெரும்பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அப்பகைவர், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படையினரே என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்து. ஆனால் புலிகேசியின் புகழ் பாடும் ஐஹொளேக் கல்வெட்டோ, அவன் படை எழுப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மங்கியது, அவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே மறைந்தான் என்று வேறு கதை சொல்கிறது. வென்றவர் யார் என்ற வழக்கு இங்கே வேண்டியதில்லை. பகைவன் எழுதிவைத்த அந்த இழிசொல்லுக்குள்ளும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பல்லவனுக்குப் பின்வாங்கிச் சென்று நிற்பதற்கு ஒரு மதில் இருந்தது. அம்மதிலுக்குள் அவனுடைய மக்கள் இருந்தனர். மதில் காத்து நிற்றலை நொச்சி என்று தனித் திணையாக வகுத்துப் பாடிய மொழி தமிழ். அதன் அருமை இம்மண்ணுக்குப் புதிதன்று.

விளையாட்டுக் கழகங்களுக்கும் இத்தகைய மதில் உண்டு. அதனைச் சொந்தத் திடல் என்கிறோம். பந்து எழும்பும் தன்மையும் கடற்காற்று திரும்பும் நேரமும் அங்கே ஆடிப் பழகியவர்க்கே தெரியும். ஆனால் திடலின் பெரும்பகுதி மண்ணன்று, மக்கள். கொரோனாப் பெருந்தொற்று ஒரு கழகத்திடமிருந்து இம்மதிலைப் பறித்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குத் தமிழகத்தின் சான்று, சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் கழகம். 2019 மே 7 அன்று சேப்பாக்கத்தில் மும்பை அணியிடம் தோற்ற அக்கழகம், மீண்டும் அத்திடலில் ஆட 2023 ஏப்ரல் 3 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்டவை 1,427 நாள்கள்.

சேப்பாக்கத்தைப் பற்றி ஒரு சொல். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தோன்றியது 1846-இல். அதன் திடலில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது 1934-இல். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் (1952), ஆஸ்திரேலியாவுடன் சமநிலையில் முடிந்த வியத்தகு டெஸ்டை ஆடியதும் (1986) இங்கேதான். எனினும் இத்திடலின் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரு தோல்வியால். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்றபோது, சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று கைதட்டி, வென்றவர்களைத் திடலைச் சுற்றிவரச் செய்தனர். வெற்றிக்குக் கூடும் கூட்டம் எங்கும் உண்டு. ஆட்டத்திற்குக் கூடும் கூட்டம் அரிது.

2008-இல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியில் சென்னைக் கழகம் பெற்ற புகழுக்கு இக்கூட்டமே முதற் காரணம் எனலாம். ஆனால் கழகம் ஊரைவிட்டு விலகியிருந்த காலம் பெருந்தொற்றோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சூதாட்டப் புகார் தொடர்பான தண்டனையால் 2016, 2017 ஆகிய இரு பருவங்கள் அது ஆடவே இல்லை. 2018-இல் மீண்டு வந்து ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியது. காவிரி உரிமைப் போராட்டம் கொழுந்துவிட்டிருந்த நேரம் அது; எஞ்சிய ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் தனி ரயிலேறிப் புனே சென்றனர். அவ்வாண்டுக் கோப்பையை அயலூரில் வென்றே கழகம் திரும்பியது. 2019-இல் மட்டும் முழுப் பருவமும் சொந்தத் திடல் கிட்டியது. ஆக, 2016 முதல் 2022 வரையான ஏழு பருவங்களில் சேப்பாக்கம் தன் கழகத்தைக் கண்டது ஒன்பது ஆட்டங்களில் மட்டுமே.

2020 மார்ச் தொடக்கத்தில் சேப்பாக்கத்தில் பயிற்சி முகாம் திறந்தது. பயிற்சியைக் காணவே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அணித்தலைவர் மகேந்திரசிங் தோனி மட்டையை ஏந்தி நடந்துவந்தாலே போதும், அரங்கு அதிர்ந்தது. மார்ச் 29 அன்று மும்பையில் தொடங்க வேண்டிய போட்டி, மார்ச் 13 அன்று ஏப்ரல் நடுப்பகுதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. முகாம் கலைந்தது. மார்ச் 25 முதல் நாடே கதவடைத்துக்கொண்டது. ஏப்ரலில் போட்டி காலவரையின்றித் தள்ளிப்போடப்பட்டது.

அதே மார்ச்சில் பூமியின் தென்கோடியில் மற்றொரு கழகம் இதே நிலைக்கு ஆளாயிற்று. அதன் கதையும் இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்பது அந்நாட்டுக்கே உரிய ஆட்டம். பக்கத்துக்குப் பதினெண்மர், முட்டை வடிவப் பந்து, நான்கு கால்பகுதிகள். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858-இல் எழுதிய கடிதத்திலிருந்து அது முளைத்தது. அதனால் இன்றும் கிரிக்கெட் திடல்களிலேயே ஆடப்படுகிறது. அக்கடிதத்தின் வழி பிறந்த மெல்போர்ன் கழகமே அவ்வாட்டத்தின் மூத்த கழகம். 2020-இல் முதல் சுற்று ஆளற்ற அரங்குகளில் நடந்தது. மார்ச் 22 அன்று மெல்போர்ன் அணி நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பெர்த்தில் ஆடித் தோற்றது. அன்றே பருவம் நிறுத்தப்பட்டது. ஜூன் 11-இல் மீண்டும் தொடங்கிய அப்பருவத்தில் ஒவ்வொரு கால்பகுதியும் 20 நிமிடத்திலிருந்து 16 நிமிடமாகக் குறைந்திருந்தது. ஜூலையில் மெல்போர்ன் நகரில் நோய் பெருகவே அந்நகரக் கழகங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளி மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்தன. நூற்றாண்டுக்கு மேலாக விக்டோரியா மாநிலத்தை விட்டு நகராத இறுதி ஆட்டம், அவ்வாண்டு பிரிஸ்பேனில் நடந்தது. மெல்போர்ன் கழகம் ஒன்பதாம் இடத்தில் நின்று, இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையாமலே பருவத்தை முடித்தது.

சென்னைக் கழகம் அத்தகைய ஆண்டைச் சந்திக்க ஆகஸ்டு பிறந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் போட்டி நடக்கும் என்று முடிவானதும், ஆகஸ்டு 15 முதல் ஆறு நாள் சேப்பாக்கத்தில் முகாம் கூடியது. மார்ச்சில் நிரம்பி வழிந்த அரங்கில் இம்முறை எவரும் இல்லை. முதல் நாள் இரவு 7.29 மணி முதல் தாம் ஓய்வு பெற்றவராகக் கருதப்படலாம் என்று தோனி சமூக ஊடகத்தில் ஒரு வரி எழுதிச் சர்வதேச ஆட்டங்களுக்கு விடைகொடுத்தார். சற்று நேரத்தில் சுரேஷ் ரெய்னாவும் அவ்வாறே செய்தார். இருவரையும் தத்தெடுத்துக்கொண்ட நகரிலிருந்தே அறிவிப்பு வந்தது. கைதட்ட ஒருவரும் அருகில் இல்லை. உலகக் கோப்பைகளை வென்று தந்த ஒரு தலைவருக்கு விடையளிக்கும் ஆட்டம் என்று ஒன்று நடவாமலே போயிற்று.

ஆகஸ்டு 21 அன்று அணி துபாய் சென்றது. ஒரு வாரத்தில் வீரர் இருவர் உட்பட அணியைச் சேர்ந்த பதின்மூவருக்குத் தொற்று உறுதியானது. அவ்விருவர் தீபக் சாஹர், ருதுராஜ் கெய்க்வாட். ஏனைய அணிகள் பயிற்சியைத் தொடங்கிய வேளையில் சென்னை அணியினர் விடுதி அறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். ரெய்னா தாயகம் திரும்பினார். ஹர்பஜன் சிங்கும் தனிப்பட்ட காரணங்களால் விலகினார். செப்டம்பர் 19 அன்று அபுதாபியில் முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றதில் எழுந்த நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. அடுத்தடுத்து மூன்று தோல்விகள். பஞ்சாபைப் பத்து விக்கெட் வேறுபாட்டில் வென்ற அதே அணி, மும்பையிடம் பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. இறுதிச் சுற்று வாய்ப்பை முதலில் இழந்த அணி சென்னையே. ஆடிய பதினொரு பருவங்களில் அக்கழகத்திற்கு இத்தகைய இழிவு நேர்ந்தது இதுவே முதன்முறை. 14 ஆட்டங்களில் ஆறு வெற்றி. எட்டு அணிகளில் ஏழாமிடம்.

நோயே தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. அணியில் முதியோர் மிகுதி; மட்டையாட்டம் மந்தம்; தோல்வி வரும் வழியை முந்தைய ஆண்டின் இறுதி ஆட்டமே காட்டியிருந்தது. ஆயினும் முந்தைய பருவங்களில் இக்குறைகளை மூடி நின்றது எது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சேப்பாக்கத்தின் மெதுவான ஆடுகளமும், எதிரணியின் பந்துவீச்சாளர் காதில் தம் தலைவர் சொல்வதே விழாத அளவுக்கு எழும் விசில் ஒலியும் அப்பணியைச் செய்துவந்தன. அமீரகத்து அரங்குகளில் பார்வையாளர் இல்லை. ஒளிபரப்பில் பதிவு செய்யப்பட்ட ஆரவாரத்தை ஓடவிட்டனர். ஊதாத விசிலின் ஒலியைக் கேட்டுக்கொண்டு ஊரார் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தனர். அப்பருவத்தின் ஒரே விளைச்சல், நோயிலிருந்து எழுந்து தாமதமாக அணிக்குத் திரும்பிய கெய்க்வாட். கடைசி மூன்று ஆட்டங்களிலும் அவர் அரைச்சதம் அடித்தார், மூன்றையும் அணி வென்றது. நவம்பர் 1 அன்று, மஞ்சள் உடையில் இதுதான் கடைசி ஆட்டமோ என்று டாஸ் வேளையில் கேட்கப்பட்டபோது, நிச்சயமாக இல்லை என்று தோனி இரண்டே சொல்லில் விடை பகர்ந்தார்.

2021 பிறந்ததும் சேப்பாக்கம் திறந்தது, ஆனால் தன் கழகத்திற்கு அன்று. பிப்ரவரியில் இங்கிலாந்துடன் இரு டெஸ்டுகள் நடந்தன. முதலாவது ஆளற்ற அரங்கில். இரண்டாவதற்குப் பாதி இருக்கைகளுக்கு இசைவு கிட்டியது. அந்தப் பாதிக் கூட்டத்தின் முன்னே சென்னையின் மைந்தர் ரவிச்சந்திரன் அஸ்வின் 106 ஓட்டங்கள் எடுத்து, எட்டு விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். ஓராண்டு வாய்மூடிக் கிடந்த ஊர் அன்று எழுப்பிய குரலைக் கேட்டவர்கள், சேப்பாக்கத்திற்கு உயிர் வந்துவிட்டது என்றே எண்ணியிருப்பர். ஆனால் ஏப்ரலில் ஐ.பி.எல். தொடங்கியபோது வாரியம் வகுத்த விதி வேறாக இருந்தது. பயணத்தைக் குறைக்கச் சில நகரங்களில் மட்டும் ஆட்டங்கள். எந்த அணிக்கும் சொந்தத் திடல் கிடையாது. அவ்விதிப்படி சேப்பாக்கத்தில் பத்து ஆட்டங்கள் நடந்தன. மும்பை ஆடியது, பெங்களூரு ஆடியது, கொல்கத்தாவும் ஐதராபாதும் ஆடின. சென்னை மட்டும் ஆடவில்லை. வீட்டை விருந்தினருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் மும்பையில் விடுதி அறையில் தங்கியிருந்தார்.

இரண்டாம் அலை எழுந்தது அப்போதுதான். ஏப்ரல் 25 இரவு சேப்பாக்கத்தில் தில்லி அணிக்காக ஆடி முடித்த அஸ்வின், குடும்பத்தார் நோயோடு போராடுவதைக் கூறிப் போட்டியிலிருந்து விலகினார். அத்திடலில் அப்பருவத்தின் கடைசி ஆட்டமும் அதுவே. சென்னை அணி அந்நேரம் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தது. ஏப்ரல் இறுதியில் தில்லிக்குச் சென்றது. தில்லியின் நிலை அன்று எவ்வாறு இருந்தது என்பது மறக்கத்தக்கதன்று. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் மூச்சடங்கினர். சுடுகாடுகளில் இடமின்றி வண்டி நிறுத்துமிடங்களில் சிதைகள் எரிந்தன. நாட்டில் ஒரே நாளில் நான்கு லட்சத்திற்கு மேற்பட்டோருக்குத் தொற்று என்ற செய்தி மே 1 காலை வந்தது. அன்று மாலை தில்லியின் அரங்கில் சென்னை 218 ஓட்டங்கள் குவித்தது. கீரன் பொல்லார்டு 34 பந்துகளில் 87 அடித்து, கடைசிப் பந்தில் மும்பைக்கு வெற்றி தேடித் தந்தார். ஆட்டமாகப் பார்த்தால் அப்பருவத்தின் சிறந்த ஆட்டங்களுள் ஒன்று. அதனை மட்டும் பிரித்துப் பார்ப்பது எவ்வாறு என்பதே கேள்வி.

வீட்டுக்குள் முடங்கியோருக்கு மாலை நேரத்தில் ஓர் ஆறுதல் வேண்டாவா என்று ஒரு சாரார் கேட்டனர். ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு நாளுக்கொரு முறை சோதனை நடக்கையில், சோதனைக்கு வழியின்றி வரிசையில் நிற்பவர் படும் பாட்டை மறுசாரார் சுட்டினர். இரண்டிலும் நியாயம் உண்டு என்று நடுநிலை பேசிவிடலாம்; ஆனால் அந்தத் தில்லியில், அந்த வாரத்தில், இரண்டாம் கேள்விக்கு விடை இருந்ததாகத் தெரியவில்லை. விடையை நோயே சொன்னது. 'பயோ பபுள்' என்று பெயரிட்டு அமைத்த பாதுகாப்பு வளையம் உடைந்தது. மே 3 அன்று சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் லட்சுமிபதி பாலாஜிக்கும், அணி செல்லும் பேருந்தைத் துப்புரவு செய்பவருக்கும் தொற்று இருப்பது தெரியவந்தது. மட்டையாட்டப் பயிற்சியாளர் மைக்கேல் ஹஸ்ஸிக்கும் பின்னர் உறுதியாயிற்று. மே 4 அன்று 29 ஆட்டங்களோடு போட்டி நிறுத்தப்பட்டது. பாலாஜியும் ஹஸ்ஸியும் மருத்துவ வசதி கொண்ட விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். பேருந்துத் துப்புரவாளரின் பெயரைச் செய்திகள் பெரும்பாலும் எழுதவில்லை.

பெயர் வராத மற்றும் பலரும் உண்டு. 1934-35 முதல் உலகப்போர்க் காலத்திலும் நிற்காமல் நடந்துவந்த ரஞ்சிக் கோப்பை, 2020-21-இல் முதன்முறையாக நடைபெறவில்லை. ஐ.பி.எல். ஏலத்தில் விலைபோகாத மாநில அணி வீரர்கள் பலருக்கு ரஞ்சி ஆட்ட ஊதியமே ஆண்டு வருமானம். 2021 செப்டம்பரில்தான் முந்தைய பருவத்தில் ஆடியவர்க்கு ஆட்ட ஊதியத்தில் ஐம்பது விழுக்காடு ஈடாக அளிக்க வாரியம் முடிவு செய்தது. வாலாஜா சாலையில் மஞ்சள் சட்டையும் விசிலும் விற்று, முகத்தில் வண்ணம் தீட்டி அன்றாடம் ஈட்டியவர்க்கோ, ஈடு என்ற பேச்சே எழவில்லை.

எஞ்சிய 31 ஆட்டங்கள் செப்டம்பர் 19 முதல் மீண்டும் அமீரகத்தில் நடந்தன. இம்முறை சிறு அளவில் பார்வையாளர் அனுமதிக்கப்பட்டனர். முந்தைய ஆண்டு முதலில் வெளியேறிய சென்னை, இவ்வாண்டு இறுதிச் சுற்றுகளுக்கு முதலில் தகுதி பெற்றது. அக்டோபர் 15, விஜயதசமி நாளன்று துபாயில் இறுதி ஆட்டம். சென்னை மூன்று விக்கெட் இழப்பிற்கு 192. டு பிளெசி 86. கொல்கத்தா விக்கெட் இழப்பின்றி 91 என்ற நிலையிலிருந்து சரிந்து 165-இல் நின்றது. சென்னைக்கு நான்காம் கோப்பை. நோயிலிருந்து எழுந்த கெய்க்வாட் 635 ஓட்டங்களோடு அப்பருவத்தின் முதல்வர்.

இதற்குச் சரியாக இருபது நாள் முன்னர், செப்டம்பர் 25 அன்று, மெல்போர்ன் கழகமும் தன் கோப்பையை வென்றிருந்தது. 1964-க்குப் பின் 57 ஆண்டுக் காத்திருப்பு. நகரம் ஆறாம் ஊரடங்கில் இருந்ததால் இறுதி ஆட்டம் பெர்த்துக்கு மாற்றப்பட்டது. முந்தைய ஆண்டு அவர்களின் பருவம் தடைப்பட்ட அதே நகரம். எதிரணியை 74 புள்ளி வேறுபாட்டில் வீழ்த்தினர். தந்தை மகனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த கனவு நிறைவேறிய இரவில், அக்கழகத்தின் மக்கள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் தொலைக்காட்சி முன் அழுதனர். மெல்போர்னின் ஊரடங்கு நாள்கள் மொத்தம் 262.

துபாய் இறுதி ஆட்டத்தில் மற்றொன்றும் கவனத்திற்குரியது. சென்னையின் பதினொருவரில் தமிழ்நாட்டு வீரர் ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டின் தினேஷ் கார்த்திக்கும் வருண் சக்கரவர்த்தியும் எதிரணியில் ஆடினர். இது குறை கூறுதற்காகச் சொல்லப்படுவதன்று. ஏலத்தில் அமையும் அணிகளின் இயல்பு அதுவே. ஆனால் ராஞ்சியிலிருந்தும் புனேயிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்தவரைச் சென்னையார் ஆக்கியது எது? சேப்பாக்கமும் அதன் மக்களுமே. திடலும் மக்களும் விலகிய பின் அணியில் சென்னை என்று எஞ்சியது பெயரும் நிறமும்தான். அப்பெயருக்காக ஊர் காட்டிய பரிவு சிறிதும் குறையவில்லை என்பது வியப்பே. அந்த நவம்பரில் கலைவாணர் அரங்கில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைமையில் நடந்த பாராட்டு விழாவில், தம் கடைசி இருபது ஓவர் ஆட்டம் சென்னையில் அமையும் என்று நம்புவதாகத் தோனி கூறினார்.

2022-இல் போட்டி தாயகம் திரும்பியும் கழகம் ஊர் திரும்பவில்லை. நோய் அச்சத்தால் முதற்சுற்று முழுவதும் மகாராஷ்டிரத்திலேயே நடந்தது. தலைமை ரவீந்திர ஜடேஜாவிடம் சென்று, ஐந்தே வாரத்தில் தோனியிடம் திரும்பியது. ஒன்பதாமிடம். அவ்வாண்டு சொந்தத் திடலுக்குத் திரும்பிவிட்ட மெல்போர்ன் கழகமோ, இறுதிச் சுற்றின் இரு ஆட்டங்களையும் அத்திடலிலேயே தன் மக்கள் கண்முன் தோற்றது. மதில் இருந்தும் தோற்பது உண்டு.

சேப்பாக்கம் இதற்கிடையில் உருமாறியிருந்தது. 2012 முதல் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த மூன்று பார்வையாளர் பகுதிகளின் சிக்கல் தீர்ந்து, கலைஞர் பெயரில் புதிய அரங்கு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஏப்ரல் 3 அன்று லக்னோ அணியுடன் ஆட்டம். கெய்க்வாட் அரைச்சதம் கடந்து நல்ல தொடக்கம் தந்தார். ஆனால் மக்கள் காத்திருந்தது கடைசி ஓவருக்கு. ஒரு விக்கெட் விழுந்தது. சொந்த அணியின் விக்கெட் விழுந்ததற்கு அரங்கு முழுவதும் எழுந்து மகிழ்ந்தது. படிகளில் இறங்கி வருபவர் தோனி. மார்க் உட் வீசிய முதற்பந்து ஆறு. அடுத்ததும் ஆறு. மூன்றாம் பந்தில் ஆட்டமிழந்து, நின்று வணங்கும் கூட்டத்தினூடே திரும்பிச் சென்றார். சென்னை அன்று வென்றது 12 ஓட்டங்களில்.